பெட்டிக்குள் பணம் வந்தால் அது ஏன் ‘பற்று’? தேக்கா தையல் கடையின் முதல் மாதக் கணக்கு

ஊசிமுனை | ஏப்ரல் 2, இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தின் மாடியில் மார்ச் 1 முதல் ஒரு சிறிய தையல் கடை நடத்துகிறேன். பதினான்கு ஆண்டுகள் பிறரிடம் சம்பளத்துக்குத் தைத்தவள். அளவெடுக்கவும் வெட்டவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கணக்கு எழுதத்தான் தெரியவில்லை.

முதல் மாதத்தில் நடந்தவை இவ்வளவுதான். என் சேமிப்பிலிருந்து 6,000 வெள்ளியை (டாலர்) கடைக்கென்று திறந்த வங்கிக் கணக்கில் போட்டேன். வங்கியிலிருந்து வாடகை 1,200, ஓரம் அடிக்கும் இயந்திரம் 1,500. உள்துணியும் நூலும் மொத்த வியாபாரியிடம் 480 வெள்ளிக்குக் கடனாக வாங்கினேன். அதில் 200 கட்டிவிட்டேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் பத்து ரவிக்கைகள், மொத்தம் 650. முன்பணமாக 300, பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றம் வழியே வங்கிக்கு வந்தது. 27ஆம் தேதி தைத்துக் கொடுத்தபோது மீதி 350 வந்தது. மற்றபடி சில்லறை வேலைகளில் மாதம் முழுவதும் கையில் வந்த ரொக்கம் 1,382. மகளின் டியூஷன் கட்டணத்துக்காகப் பெட்டியிலிருந்து 250 எடுத்தேன்.

நோட்டில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டேன். வரவு 8,032, செலவு 3,150, மிச்சம் 4,882. வங்கியில் 3,750, பெட்டியில் 1,132 என எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. நல்ல இலாபம் என்கிறார் கணவர். ஆனால் நான் போட்டதே 6,000 ஆயிற்றே, அப்படியானால் 1,118 வெள்ளி நட்டம் அல்லவா? இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. ஒரு பாடக் காணொளியில், பெட்டிக்குள் பணம் வந்தால் ‘பற்று’ எழுத வேண்டும் என்கிறார்கள். வருவது வரவுதானே? அந்த இடத்திலேயே எனக்குப் புரியாமல் போய்விட்டது.

மளிகைமகன் | ஏப்ரல் 2, இரவு 11:15

அக்கா, வாழ்த்துகள். பயப்படாதீர்கள். உங்களுடையது தனி உரிமையாளர் வியாபாரம். ஆண்டு வருவாய் 200,000 வெள்ளிக்குள் இருந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையம் வருமான வரிப் படிவத்தில் கேட்பது இரண்டே விவரம்: மொத்த வருவாய் எவ்வளவு, வரிக்கான சரிக்கட்டல்கள் போக இலாபம் எவ்வளவு. இதற்குப் பற்றும், ஆளுக்கொரு பக்கம் போடும் பேரேடும் எதற்கு? வரவு செலவு நோட்டே போதும். கைப்பேசிச் செயலி ஒன்றில் போட்டால் கூட்டலையும் அதுவே செய்துவிடும். கற்றுக்கொள்ளும் நேரத்தில் இரண்டு ரவிக்கை கூடுதலாகத் தைக்கலாம்.

பழைய கணக்கர் | ஏப்ரல் 3, காலை 6:20

தம்பி, ஆணையம் இரண்டு விவரம் கேட்கிறது என்பது சரி. அந்த இரண்டாவது விவரமாக எந்த எண்ணை எழுதுவது என்பதுதான் அந்தப் பெண்மணியின் கேள்வி. 4,882ஆ, கழித்தல் 1,118ஆ? இரண்டுமே இல்லை. அவருடைய நோட்டு அதைச் சொல்லாது.

அம்மா, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதல் கேள்விக்கு நீங்களே விடை எழுதுவீர்கள். 38 ஆண்டுகள் பேரேட்டோடு வாழ்ந்தவன் நான். ‘பற்று’ என்ற சொல்லில் தடுக்கி விழாத தமிழரை இன்னும் பார்க்கவில்லை. காரணம், ‘வரவு’ என்பதை நாம் வீட்டில் ஒரு பொருளிலும் பேரேட்டில் வேறொரு பொருளிலும் வைத்திருக்கிறோம்.

ஊர்க் கடையின் பற்றுவரவு நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அவர் அரிசி வாங்கிப் போனால் அவர் பெயரில் பற்று; அவர் பற்றிக்கொண்டார். பணம் கொண்டுவந்து கொடுத்தால் அவர் பெயரில் வரவு, அவரிடமிருந்து வந்தது. அந்தப் பக்கம் கடைக்காரருடைய பக்கம் அல்ல, வாடிக்கையாளருடைய பக்கம். பற்றும் வரவும் அந்தப் பக்கத்துக்கு உரியவரை வைத்துச் சொல்லப்படுபவை.

இப்போது உங்கள் பணப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்து அதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். வங்கிக்கு ஒரு பக்கம், வாடகைக்கு ஒரு பக்கம், இயந்திரத்துக்கு, துணி நூலுக்கு, மொத்த வியாபாரிக்கு, தையல் வருமானத்துக்கு. முக்கியமாக, உங்களுக்கு ஒரு பக்கம். நீங்கள் வேறு, கடை வேறு. பிறகு ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டே கேள்வி: யார் பற்றிக்கொண்டது? யாரிடமிருந்து வந்தது?

பெட்டிக்குள் 1,382 போனது. பெட்டி பற்றிக்கொண்டது, ஆகவே பெட்டியின் பக்கத்தில் பற்று. எதிலிருந்து வந்தது? தையல் வேலையிலிருந்து. தையல் வருமானத்தின் பக்கத்தில் வரவு. டியூஷனுக்கு 250 எடுத்தீர்கள். பற்றியது நீங்கள், ஆகவே உங்கள் பெயரில் ‘எடுப்பு’ என்று பற்று. வந்தது பெட்டியிலிருந்து, பெட்டிக்கு வரவு. கடனுக்கு வாங்கிய துணியில் காசு கைமாறவே இல்லை என்பதால் உங்கள் நோட்டில் அது இடம்பெறவில்லை. ஆனால் துணிக் கணக்கு 480 பற்றியது, வியாபாரியிடமிருந்து 480 வந்தது. 200 கட்டிய பிறகும் அவருக்கு நீங்கள் 280 தர வேண்டும். அந்த 280 உங்கள் நோட்டில் எங்கே இருக்கிறது?

இரவுவகுப்பு | ஏப்ரல் 3, காலை 8:05

ஐயா, சென்ற மாதம் முதல் கணக்கியல் அடிப்படைச் சான்றிதழுக்கு மாலை நேரத்தில் படிக்கிறேன். அங்கே ‘உள் வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை’ என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ‘பற்றிக்கொண்டது’ என்று நீங்கள் சொன்னதும்தான் அந்த விதியின் முகம் தெரிகிறது. ஒரு சந்தேகம். வங்கியில் நான் பணம் போட்டால் என் பேரேட்டில் வங்கிக்குப் பற்று. ஆனால் வங்கி அனுப்பும் அறிக்கையில் ‘உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்று வருகிறதே?

பழைய கணக்கர் | ஏப்ரல் 3, காலை 8:30

அது வங்கியின் பேரேடு தம்பி. அங்கே உங்கள் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பணம் உங்களிடமிருந்து வந்தது, ஆகவே உங்களுக்கு வரவு. அதே பணத்தை உங்கள் பேரேட்டில் வங்கி பற்றிக்கொண்டது. இரண்டு புத்தகங்களும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் புள்ளி வைத்துக்கொண்டு போவதற்குப் பெயர்தான் வங்கிச் சரிகட்டல். பேநவ் வந்த பிறகு சிறு கடைகளுக்கு இது மிகவும் அவசியமாகிவிட்டது. வாடிக்கையாளர் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார். பணம் உண்மையில் வந்து சேர்ந்ததா என்பதை வங்கி அறிக்கைதான் சொல்லும்.

மல்லிகைச்சரம் | ஏப்ரல் 3, மதியம் 1:10

பஃப்ளோ ரோட்டில் பூக்கடை வைத்திருக்கிறேன். கல்யாண மாலைக்கு வரும் முன்பணத்தை வந்த அன்றே வருமானம் என்று எழுதிவிடுவேன். கைக்கு வந்தது நம்முடையதுதானே? ஊசிமுனை, நீங்களும் 300 வெள்ளியை அப்படியே எழுதிவிடுங்கள், வேலை சுலபம்.

பழைய கணக்கர் | ஏப்ரல் 3, மதியம் 2:00

அம்மா, பொறுக்க வேண்டும், இதில் நான் உடன்பட மாட்டேன். மாலை கட்டிக் கொடுக்கும்வரை அந்தப் பணம் உங்களுடையது அல்ல. கல்யாணம் நின்றுபோனால் பேசிய பேச்சின்படி திருப்பித் தர வேண்டிய பணம். அது கடன், பணமாகத் தராமல் வேலையாகத் தீர்க்கும் கடன். வங்கி 300 பற்றிக்கொண்டது. வாடிக்கையாளரிடமிருந்து வந்தது, ‘வாடிக்கையாளர் முன்பணம்’ என்ற பக்கத்தில் வரவு. ரவிக்கைகளை ஒப்படைத்த நாளில் வங்கிக்கு 350 பற்று, முன்பணப் பக்கத்தில் 300 பற்று எழுதி அதைத் தீர்த்துவிட்டு, தையல் வருமானத்துக்கு 650 வரவு.

ஒரே மாதத்தில் முடிந்துவிட்டால் எப்படி எழுதினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பது பேரின் முன்பணம் வங்கியில் இருக்கும். அதை வருமானம் என்று எழுதியவர் மாதம் அமோகம் என்று நம்பிப் புது இயந்திரம் வாங்குவார். அடுத்த மாதம் துணிக்கும் கூலிக்கும் கையில் காசு இருக்காது, வேலை மட்டும் மலையாக இருக்கும். அப்படிக் கண்கலங்கி என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மல்லிகைச்சரம் | ஏப்ரல் 3, மதியம் 2:25

நான்கு வருடமாக ஒவ்வொரு தை மாதமும் எனக்கு இது நடக்கிறது ஐயா. ஆவணிக்குப் பிறகுதான் காரணம் தேடுவேன். முன்பணத்துக்குத் தனிப் பக்கம் இன்றே தொடங்குகிறேன்.

மளிகைமகன் | ஏப்ரல் 3, இரவு 9:45

நான் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங் மோ கியோவில் அடுக்குமாடி புளோக்கின் கீழே அப்பாவின் மளிகைக் கடை. அவர் வாழ்நாள் முழுவதும் ‘555’ நோட்டில்தான் எழுதினார். சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு ஒரு நோட்டு, மாதச் சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்தில் எழுதும் இந்த இரட்டைப் பதிவு இல்லாமலேயே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அதனால்தான் பெரிய முறையெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

ஆனால் ஐயா கேட்ட ‘அந்த 280 எங்கே இருக்கிறது’ என்ற கேள்வி நாள் முழுவதும் மனத்தில் நின்றது. இன்று மாலை அப்பாவிடம் போய், மொத்தமாக ஊரில் நமக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டேன். நோட்டுகளை எல்லாம் கூட்டினால்தான் தெரியும் என்றார். எத்தனை நோட்டு என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இல்லை. வீடு மாறிப் போனவர்களின் நோட்டுகள் ஒரு மைலோ டின்னில் தனியாகக் கிடக்கின்றன.

பழைய கணக்கர் | ஏப்ரல் 3, இரவு 10:30

உங்கள் அப்பாவின் 555 நோட்டு ஒவ்வொன்றும் பேரேட்டின் ஒரு பக்கம்தான் தம்பி. அவர் பாதி இரட்டைப் பதிவைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். மறுபாதி எழுதப்படாமல் விட்டுப்போனது, அவ்வளவுதான்.

இது நமக்கு அந்நியமான வித்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். என் தந்தை மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றில் பெட்டியடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். வட்டித் தொழில் செய்த நகரத்தார் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாய்வு மேசைக்கு முன்னால் சிட்டையும் பேரேடும் எழுதிய இடம் அது. அன்றாடம் நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார்கள். பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். முடிவில் ஐந்தொகை போடுவார்கள். சொத்தையும் கடனையும் ஒரே இடத்தில் காட்டுவது, இன்று இருப்புநிலைக் குறிப்பு என்கிறோமே, அதுதான். கோயிலுக்கு ஒதுக்கிய மகமைப் பணம் சாமி பெயரில் தனியாக நிற்கும், அதை முதலாளியும் தொட மாட்டார் என்று அப்பா சொல்வார். கடைக்காரர் வேறு, கடை வேறு என்பதை நான் முதலில் கற்றது அந்தக் கதையிலிருந்துதான்.

இரவுவகுப்பு | ஏப்ரல் 4, காலை 7:50

ஊசிமுனை அக்கா, நீங்கள் சிங்கப்பூரர் என்றால், படிப்புக்காக அரசாங்கம் பணம் போட்டுவைக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 25 வயது நிறைந்தவர்களுக்குத் தொடக்கத்தில் 500 வெள்ளி கொடுத்தார்கள். நான் அதில்தான் படிக்கிறேன். 40 வயது நிறைந்தவர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாக 4,000 வெள்ளி வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

ஊசிமுனை | ஏப்ரல் 4, இரவு 11:05

எல்லாருக்கும் நன்றி. இன்று கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். நீள நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு ஒரு பெயர் எழுதினேன். ‘யார் பற்றியது, யாரிடமிருந்து வந்தது’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனபோது கை தானாக எழுதியது. இயந்திரம் வாங்கிய இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். 1,500 செலவா, இல்லையா? எனக்கு மாதம் 1,500 சம்பளம் என்று எழுதிக்கொள்ளலாமா என்பதும் தெரியவில்லை. கடைசியில் ஐயா, எல்லாப் பக்கங்களின் மீதியையும் எடுத்து இரண்டு பத்தியாகப் போட்டேன். பற்று 8,312. வரவு 8,258. 54 வெள்ளி உதைக்கிறது. மூன்று முறை கூட்டிவிட்டேன்.

பழைய கணக்கர் | ஏப்ரல் 5, காலை 5:55

முதலில் அந்த 54. நீங்கள் போட்டது இருப்பாய்வு. இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி கூட்டிக்கொண்டே இருக்காதீர்கள். வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள்: 27. அப்படி ஒரு தொகை எங்காவது இருந்தால் அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். இல்லையென்றால் ஒன்பதால் வகுங்கள். 54 மிச்சமில்லாமல் வகுபடுகிறது, ஆறு முறை. அப்படியானால் எங்கோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், அவற்றின் வித்தியாசம் ஆறு. எட்டும் இரண்டும் சேர்ந்து வரும் இடத்தைப் பாருங்கள்.

இயந்திரம் செலவு அல்ல, சொத்து. மார்ச் மாதத்தோடு அது தேய்ந்து முடிந்துவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் 60 மாதம், மாதத்துக்கு 25 வெள்ளி தேய்மானம். இங்கே ஓர் எச்சரிக்கை. இருப்பாய்வு ஒத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. இயந்திரத்தைத் தவறாகச் செலவில் எழுதினாலும் இரு பக்கமும் அழகாக ஒத்துப்போகும். இருப்பாய்வுக்குக் கூட்டல்தான் தெரியும், விஷயம் தெரியாது.

சம்பளம் எழுதக் கூடாது. தனி உரிமையாளர் தனக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியாது. எடுப்பது எல்லாம் எடுப்புதான், அது கடையின் செலவில் சேராது. மருத்துவச் செலவுக்கான சேமிப்பாக நீங்கள் கட்டும் மெடிசேவ் தொகையும் அப்படியே. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்ட வேண்டிவரும், இப்போதே மனத்தில் வையுங்கள்.

வரிக்கோப்பு | ஏப்ரல் 5, காலை 9:20

வரி தொடர்பான வேலை பார்ப்பவன் என்பதால் சில வார்த்தைகள். ஐயா சொன்ன தேய்மானம் உங்கள் கணக்குக்கு. வரிக் கணக்கில் அதைக் கழிக்க முடியாது. அதற்குப் பதிலாக மூலதனப் படித்தொகை, அதாவது வாங்கிய சொத்தின் விலைக்கு வரியில் தரும் கழிவு, கோரலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத பொருள் என்றால் முழு விலையையும் ஒரே ஆண்டில் கோர வழி இருக்கிறது. இப்படிக் கோரும் பொருள்களின் மொத்தம் ஓர் ஆண்டுக்கு 30,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. உங்கள் இயந்திரம் அதற்குள் வரும். தேய்மானத்தை வரிக் கணக்கில் கழிக்காமல் விடுவது, மளிகைமகன் சொன்ன ‘சரிக்கட்டல்’களில் ஒன்று.

பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யும் கட்டாயம், ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான் வரும். பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வாங்கக் கூடாது. நீங்கள் வாங்கும் பொருளில் கட்டும் 9 விழுக்காடு வாங்கிய விலையோடு சேர்ந்துவிடும், தனியாகப் பிரிக்க வேண்டாம்.

மார்ச்சில் தொடங்கியிருக்கிறீர்கள், ஆகவே இந்த ஆண்டின் வருமானத்தை அடுத்த ஆண்டு ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்வீர்கள். ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைகளின் பில் இயந்திரத்தில் அச்சாகும் ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளுத்துப் போகும். வாங்கிய அன்றே படமெடுத்து, தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். ரசீதைப் பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பது அதன் பிறகு.

ஊசிமுனை | ஏப்ரல் 5, இரவு 10:15

கிடைத்துவிட்டது! பெட்டியின் பக்கத்தில் 1,382 என்று சரியாக எழுதியிருக்கிறேன். தையல் வருமானத்தின் பக்கத்தில் 1,328. எட்டும் இரண்டும் ஐயா, நீங்கள் என் நோட்டைப் பார்க்காமலேயே சொன்னீர்கள்! திருத்தினேன். இரு பக்கமும் 8,312.

பிறகு கடையில் மிச்சமிருந்த உள்துணியையும் நூலையும் எண்ணினேன். வாங்கிய விலையில் 160 வெள்ளிக்கு இருக்கிறது. ஆக மார்ச்சில் உண்மையில் தைத்துத் தீர்த்தது 320. தையல் வருமானம் 2,032. அதில் வாடகை 1,200, துணி நூல் 320, தேய்மானம் 25 கழித்தால் 487 வெள்ளி இலாபம். கணவர் சொன்ன 4,882 இல்லை, நான் பயந்த நட்டமும் இல்லை.

487 சிறிய தொகைதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு வெள்ளிக்கும் இப்போது என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். கணவரை உட்கார வைத்துக் காட்டினேன். டியூஷன் பணம் என் பெயரில் பற்றாக நிற்பதைப் பார்த்துவிட்டு, இனி வீட்டுக்கு வேண்டியதை மாதம் ஒரு முறை மொத்தமாக எடுத்துக்கொள்வோம் என்று அவரே சொன்னார்.

பழைய கணக்கர் | ஏப்ரல் 5, இரவு 10:40

மிகுந்த மகிழ்ச்சி அம்மா. மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய 280ஐ மறக்காதீர்கள், ஏப்ரலில் முதல் வேலை அது.

மளிகைமகன் | ஏப்ரல் 5, இரவு 11:30

ஐயா, இந்தச் சனிக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து எல்லா 555 நோட்டுகளையும் ஒரே பேரேட்டில் ஏற்றப்போகிறேன். மைலோ டின்னில் இருப்பவற்றையும் சேர்த்துத்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடுவதா?

பழைய கணக்கர் | ஏப்ரல் 6, காலை 6:05

ஒரு வீட்டுக்கு ஒரே பக்கம், தேதி வரிசையில். நோட்டுகளை அப்பா வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். எந்தத் தொகை தீர்ந்தது, எது தீரவில்லை என்பது பாதி நோட்டிலும் பாதி அவர் நினைவிலும் இருக்கும்.